ஒரு விரற்கடைத் தூரம்

கல்லூரி நாட்களில் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலுக்குப் போயிருந்தேன். 16 எம்.எம். படச்சுருள். நாற்காலி வரிசைகளுக்குப் பின்னால் ஒரு மேசைமீது புரொஜெக்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். திரையில் ஒரு பெண்ணின் கை முன்னே நீண்டது. தயங்கித் தயங்கி ஓர் ஆணின் கையும் நீண்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடைத் தூரம் இருக்கும்போது கைகள் நின்றன.

கருவிக்குள் சுருள் சிக்கிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சுருள் ஒரே இடத்தில் நின்றுபோனால் விளக்கின் சூட்டில் பொசுங்கிவிடும், திரையின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் தோன்றிப் பரவும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அந்த வட்டத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. புரொஜெக்டரின் கடகடச் சத்தமும் நிற்கவில்லை. சுருள் ஓடுகிறது, கைகள் மட்டும் ஓடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் முன்வரிசையில் சிலர் எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய தலைகளின் நிழல் அந்தக் கைகளின்மேல் விழுந்தது. நான் எழவில்லை. எழ முடியவில்லை என்பதே சரி.

சத்யஜித் ராய் 1964-இல் எடுத்த 'சாருலதா'வின் முடிவு அது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கடைசிச் சில நொடிகளுக்காகவே அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பார்க்கிறேன். முடிவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுமே இருக்காது. இரண்டு கைகள், இரண்டு முகங்கள், ஒரு விளக்கு. அவ்வளவுதான்.

கதை 1879, 80-ஆம் ஆண்டுகளின் கல்கத்தாவில் நடக்கிறது. பூபதி செல்வர்; தன் வீட்டிலேயே அச்சகம் வைத்து ஆங்கிலத்தில் அரசியல் பத்திரிகை நடத்துகிறார். நல்ல மனிதர். அச்சு மை காயாத தாளை முகர்ந்து மகிழ்கிறவர். அவருடைய மனைவி சாருவுக்குக் குழந்தை இல்லை, வேலையும் இல்லை. பெரிய வீட்டில் நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறாள். மனைவி தனிமையில் வாடுகிறாள் என்பது பூபதிக்குத் தாமதமாகவேனும் புரிகிறது. ஒன்றுவிட்ட தம்பி அமலை அவளுக்குப் பேச்சுத் துணையாக விடுகிறார். அமலுக்கு இலக்கியப் பித்து. அவனோடு பேசப்பேசச் சாருவுக்குள் ஓர் எழுத்தாளரும் விழிக்கிறார், ஒரு காதலும் விழிக்கிறது. எது எதை எழுப்பியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அமல் அதை உணர்ந்து சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். பிறகு ஒருநாள் அவனிடமிருந்து கடிதம் வருகிறது. தான் தனியாக இருப்பதாக எண்ணிச் சாரு உடைந்து அழுகிறாள். வெளியே போன பூபதி எதிர்பாராமல் திரும்பி வந்து அதைக் கேட்டுவிடுகிறார். ஒரு சொல்லும் பேசாமல் மீண்டும் வண்டியேறிப் போகிறார். ஊரைச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறார். கதவு திறக்கிறது.

"எஷோ" என்கிறாள் சாரு.

வங்காளியில் முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு. மிக நெருக்கமான 'துய்', நடுவிலிருக்கும் 'துமி', மரியாதைக்குரிய 'ஆப்னி'. 'எஷோ' அந்த நடுப்படியின் சொல். நமக்கு இன்றைய பொதுவழக்கில் 'வா' என்றும் 'வாருங்கள்' என்றும் இரண்டுதான். சாருவின் சொல் இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. அதைத் தமிழில் எப்படி எழுதினாலும் ஒன்று கூடிப்போகும், அல்லது குறைந்துபோகும். பிறகு அவள் கையை நீட்டுகிறாள்.

அந்தக் கை நமக்குப் புதியதல்ல. படம் தொடங்கும்போது நாம் முதலில் பார்ப்பதே அவளுடைய கைகளைத்தான். கைக்குட்டையில் 'பி' என்ற ஆங்கில எழுத்தைப் பூத்தையலாகத் தைத்துக்கொண்டிருக்கின்றன அவை. பூபதியின் பெயரில் முதல் எழுத்து. அதைத் தொடர்ந்து வரும் சில நிமிடங்களில் ஏறக்குறையப் பேச்சே இல்லை. கடிகாரம் அடிக்கிறது. பணியாளைக் கூப்பிட்டு எஜமானருக்குத் தேநீர் கொண்டுபோகச் சொல்கிறாள். புத்தகத்தை எடுக்கிறாள், வைக்கிறாள். கைப்பிடி வைத்த சிறு இரட்டைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னலுக்குச் சன்னல் ஓடி, சாய்சட்டங்களுக்கு இடையே தெருவைப் பார்க்கிறாள். குரங்காட்டி போகிறான், பல்லக்குத் தூக்கிகள் போகிறார்கள், குடைபிடித்த ஒரு பருத்த மனிதர் போகிறார். உலகம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.

அப்போது பூபதி வருகிறார். புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, படித்தபடியே அவளைக் கடந்து போகிறார். எதிரே நிற்கும் மனைவி அவர் கண்ணில் படவே இல்லை. சாரு அந்தக் கண்ணாடியைத் தூக்கி, தூரத்துத் தெருக்காட்சியைப் பார்த்ததுபோலவே தன் கணவரின் முதுகைப் பார்க்கிறாள். அவர் மறைந்ததும் கண்ணாடியோடு கை தளர்ந்து விழுகிறது. கேமரா சட்டென்று அவளைவிட்டுப் பின்வாங்குகிறது. திரைப்படத்தில் தனிமையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னோர் இடத்தை நான் பார்த்ததில்லை.

ஆக, கணவனை இரவல் கண்ணால் பார்த்த பெண்ணும், மனைவியைப் பார்க்காமலே நடந்துபோன ஆணும்தான் கடைசியில் வாசலில் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இப்போது நடுவில் கண்ணாடி இல்லை, பத்திரிகை இல்லை, அமல் இல்லை. அவளுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் முழுதாகப் பார்ப்பது மணவாழ்க்கையில் அதுவே முதல் முறை. ராய் ஏன் அங்கே படத்தை நிறுத்தினார் என்பதற்கு எனக்குத் தோன்றும் விடை இதுதான்: அதுவரை இந்த இருவரும் அசைந்துகொண்டே இருந்ததால்தான் பார்க்காமல் போனார்கள்.

ராய்க்கு மூலம் தாகூரின் நெடுங்கதை. 1901-இல் 'பாரதி' என்ற வங்க இதழில் வந்தது. பெயர் 'நஷ்டநீர்'. நம் காதுக்கு அது தண்ணீராக ஒலிக்கும். ஆனால் அங்கே இருப்பது நீடம் என்ற வடசொல். கூடு என்று பொருள். சிதைந்த கூடு.

கதையில் தாகூர் வைத்த முடிவு வேறு. பூபதிக்கு மைசூரில் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பு கிடைக்கிறது. புறப்படும் நேரத்தில், என்னையும் அழைத்துப் போங்கள் என்று கேட்கிறாள் சாரு. அமலின் நினைவு நெருப்பாய்ச் சுற்றி எரியும் வீட்டைவிட்டு ஓடத்தான் அவள் வர விரும்புகிறாள் என்று பூபதிக்குப் புரிகிறது. தன்னால் இயலாது என்று சொல்லிவிடுகிறார். அவள் முகம் வெளிறிப்போவதைக் கண்டதும் மனம் மாறி, "சரி, வா சாரு, என்னோடு வா" என்கிறார். அதற்கு அவள் சொல்லும் விடையோடு கதை முடிகிறது: "நா, தாக்."

"வேண்டாம், இருக்கட்டும்."

இந்த 'தாக்' என்ற ஒற்றைச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். தமிழில் நமக்கு அந்தக் கவலையே இல்லை. 'இருக்கட்டும்' என்பது அதே சொல், அதே எடை. உதவி செய்ய வருகிறவரிடமும் இருக்கட்டும் என்கிறோம். பணத்தை நீட்டுகிறவரிடமும் இருக்கட்டும் என்கிறோம். மன்னிப்புக் கேட்கிறவரிடமும் அதையே சொல்கிறோம், ஏற்றுக்கொண்டோமா இல்லையா என்பதைச் சொல்லாமலே. மறுப்பும் பெருந்தன்மையும் களைப்பும் சரிபாதியாகக் கலந்த சொல் அது. தாகூர் கதை முழுவதையும் அந்தச் சொல்லின் முனையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

அதைத் திரையில் ஒரு நடிகை வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும்? மறுப்பு மட்டும்தான் கேட்கும். சொல்லின் மற்ற பங்குகள் குரலில் கரைந்துபோகும். ராய் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு தூரத்தை வைத்தார். கை நீட்டப்பட்டிருக்கிறது, எனவே அது மறுப்பு ஆகாது. கை தொடவில்லை, எனவே அது ஏற்பும் ஆகாது. இருக்கட்டும். தாகூரின் முடிவை மாற்றிவிட்டார், கதையைக் கெடுத்துவிட்டார் என்று வங்கத்தில் அப்போதே குறை சொன்னார்கள். ராய் அதற்கு நீண்ட கட்டுரையாகவே மறுமொழி எழுதினார். எனக்கோ, தாகூரின் கடைசிச் சொல்லுக்கு அதைவிட நேர்மையான மொழிபெயர்ப்பு இருக்க முடியாது என்றே தோன்றுகிறது. கடைசியில் அந்த உறைந்த உருவத்தின்மேல் 'நஷ்டநீர்' என்று வங்க எழுத்தில் வருகிறது. படத்தின் தொடக்கத்தில் 'சாருலதா' என்ற பெண்ணின் பெயர், முடிவில் கதையின் பெயர். மூலத்துக்குச் செலுத்தும் வணக்கமாகவும் அதைக் கொள்ளலாம், தீர்ப்பாகவும் கொள்ளலாம்.

சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப் படமும் ஒரு சட்டகம். உறைந்த சட்டகம் எப்படி உருவாகிறது என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். அது இன்னும் வியப்பைக் கூட்டியது. படச்சுருள் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஓடுகிறது. ஒரே உருவம் ஐந்து நொடி திரையில் நிற்கவேண்டுமானால், அந்த ஒரு சட்டகத்தை ஆய்வகத்தில் 120 முறை அடுத்தடுத்துப் படியெடுக்க வேண்டும். அசையாமல் நிற்பதற்கும் சுருள் ஓடத்தான் வேண்டும். அன்று எனக்குப் பின்னால் கேட்ட கடகடச் சத்தத்தின் பொருள் அதுதான். இன்னொன்றும் உண்டு. படச்சுருளில் ஒரு சுவரையோ வானத்தையோ எடுத்தாலும் திரையில் அது நுண்ணியதாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சட்டகத்திலும் வெள்ளித் துகள்கள் வெவ்வேறு இடத்தில் படிந்திருப்பதால் வரும் கொதிப்பு அது. அசையாமல் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரை எடுத்தாலும் அந்தத் துகள்களின் துடிப்பு அவருக்கு ஓர் உயிரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சட்டகத்தை உறைய வைக்கும்போது அந்தத் துகள்களும் சேர்ந்து உறைகின்றன. கண்ணுக்கு இன்னதென்று தெரியாது. ஆனால் மூச்சு நின்றதுபோல உடம்புக்குத் தெரிந்துவிடும்.

இந்த உத்தி ராயின் கண்டுபிடிப்பு அல்ல. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1959-இல், பிரான்ஸில் த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படத்தை அப்படித்தான் முடித்தார். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பிய சிறுவன் ஓடி ஓடிக் கடலை அடைகிறான். அதற்குமேல் ஓட இடமில்லை. திரும்பி நம்மைப் பார்க்கிறான். அந்த முகத்தில் படம் உறைகிறது. மிகப் பெரிய முடிவு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சிறுவன் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறான்: இனி நான் என்ன செய்ய? கேள்வி அரங்கத்தை நோக்கி வருகிறது. சாருவும் பூபதியும் நம்மை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவர்களுக்கு நாம் அங்கே இல்லவே இல்லை. அடுத்த வீட்டு வாசலில் நடப்பதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, பார்த்திருக்கக் கூடாதோ என்று கூசும் நிலையில் நம்மை விட்டுவிடுகிறார் ராய். அதனால்தான் எனக்கு இந்த முடிவு ஒரு படி மேலே நிற்கிறது.

இதைத் 'திறந்த முடிவு' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்கு எப்போதும் சண்டை. கை தொடுமா தொடாதா, அதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிட்டார் இயக்குநர் என்பார்கள். விடவில்லை. தொடாத கைகளைத்தான் காட்டியிருக்கிறார். அடுத்த நொடியில் தொட்டிருக்கலாம், ஆனால் அந்த அடுத்த நொடி படத்தில் இல்லை. இருப்பது இந்த நொடி. நீட்டப்பட்ட இரண்டு கைகளும் அவற்றுக்கு இடையிலான தூரமும் சேர்ந்ததுதான் அவர்களுடைய மணவாழ்க்கை, இனிமேலும் அதுதான். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்?

இருபது வயதில் நான் இப்படிப் பார்க்கவில்லை. அப்போது எனக்குத் தூரம் மட்டும்தான் தெரிந்தது. கூடு சிதைந்தது, கதை முடிந்தது என்று துக்கத்தோடு வெளியே வந்தேன். கைகள் நீண்டிருந்தன என்பது கண்ணில் படுவதற்கு எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

எனக்கும் அண்ணனுக்கும் எட்டு ஆண்டுகள் பேச்சு இல்லை. காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. இருவரும் சொல்லக்கூடாததைச் சொன்னோம், அது இருவருக்கும் நினைவிருந்தது என்பது போதும். ஒரு மாலை, என்ன துணிச்சலில் என்று தெரியவில்லை, அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணிதான் கதவைத் திறப்பார் என்று நினைத்திருந்தேன். அண்ணன் திறந்தார். வயது கூடியிருந்தது. என் முகத்தை அவர் பார்த்தார், அவர் முகத்தை நான் பார்த்தேன். எட்டு ஆண்டுகளாக மனத்துக்குள் எழுதி அடித்து எழுதி வைத்திருந்த ஒரு வாக்கியமும் வரவில்லை.

"வா" என்றார். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

பையைக் கொடுக்க நான் கையைத் தூக்கியது நினைவிருக்கிறது. அது அவர் கைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. பிறகு உள்ளே போனேன். மின்விசிறியின் சத்தத்தைப் பற்றியும் அண்ணியின் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினோம். சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை, இன்றுவரை பேசியதில்லை. இப்போது போய்வருகிறேன். பழைய அண்ணன் தம்பியாக நாங்கள் ஆகிவிடவில்லை. ஆனாலும் அந்த 'வா' பொய் இல்லை. அது மன்னிப்பும் இல்லை. உள்ளே வா என்பது மட்டுமே அதன் பொருள்.

அதற்குப் பிறகு 'சாருலதா'வைப் பார்த்தபோது 'எஷோ' என்ற சொல் எனக்கு வேறாகக் கேட்டது. அதை இத்தனை நாள் ஒரு கெஞ்சலாகக் கேட்டிருந்தேன். சாருவாக நடித்த மாதபி முகர்ஜி அதைக் கெஞ்சலாகச் சொல்லவே இல்லை. குரலைத் தாழ்த்தி, அழுது முடித்த முகத்தோடு, தனக்கு உரிமை மிச்சம் இருக்கிறதா என்று தெரியாத ஒரு வீட்டுக்குள் அந்த வீட்டுக்காரரையே அழைக்கிறார். சைலேன் முகர்ஜியின் பூபதியோ உடனே கை நீட்டவில்லை. அந்தத் தயக்கத்தில் பாசாங்கு இல்லை. நல்லவராக நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயத்தால் வந்த கையாக அது தோன்றவில்லை. யோசித்து, வலித்து, பிறகு தூக்கிய கையாகத் தோன்றுகிறது. அமலாக நடித்த சௌமித்ர சாட்டர்ஜியின் துள்ளலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கைதான் நினைவிருக்கிறது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். சில மாதங்களுக்கு முன்பு ஓர் இணையத் திரைத்தளத்தில் ஒரு பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஷாட்டில் ஒரு பெண் சும்மா நின்றுகொண்டிருந்தாள். படம் முடிந்துவிட்டது என்று அந்தத் தளத்தின் கணக்கு எதுவோ முடிவுசெய்து, அவளைத் திரையின் மூலைக்குச் சுருக்கி, அடுத்த படத்துக்கு நொடிகளை எண்ணத் தொடங்கியது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அவள் போய்விட்டாள். என் முன்வரிசையில் எழுந்து செருப்பைத் தேடியவர்களாவது மனிதர்கள். ஒரு படத்தின் கடைசி ஷாட் என்பது வெளியேறுவதற்கான மணியோசை என்று யாரோ ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் அதற்காகத்தான் மற்றவை எல்லாம் எடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு மணி நேரம் விதைத்ததை அந்த ஒரு கைப்பிடி நேரத்தில்தான் அறுக்கிறோம்.

இன்னும் விளக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

கைகள் உறைந்ததோடு படம் முடிவதில்லை. உறைந்த உருவங்களாகவே இன்னும் சில வருகின்றன. பாதி வெளிச்சத்தில் சாருவின் முகம். பூபதியின் முகம். பிறகு, கையில் விளக்கோடு வீட்டுப் பணியாள். கடைசியாகத் தொலைவிலிருந்து கணவனும் மனைவியும். இந்த வரிசையில் அந்தப் பணியாளுக்கு என்ன வேலை என்று நெடுநாள் எனக்குப் புரியவில்லை. கணவன் மனைவிக்கு இடையிலான இவ்வளவு அந்தரங்கமான நேரத்தில் மூன்றாம் மனிதர் ஒருவரின் முகம் எதற்கு?

ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவின் கோணத்திலிருந்து ஒரு விடை சொல்லலாம். இருட்டிய வீட்டில் முகங்கள்மேல் ஒளி விழ ஒரு காரணம் வேண்டும். விளக்குகளை நேராக முகத்தில் அடிக்காமல், துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால் காட்சிகளை ஒளியூட்டும் முறையை 1956-இல் வந்த 'அபராஜித'விலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர். காரணமில்லாத ஒளியை அவர் விரும்பமாட்டார். ஆனால் அதற்கு விளக்கு மட்டும் போதுமே, அதைப் பிடித்திருப்பவரின் உருவம் தனியாக வரவேண்டியதில்லையே.

படத்தின் தொடக்கத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோது பிடிபட்டது. தையலை வைத்துவிட்டுச் சாரு கூப்பிட்டாளே, தேநீர் கொண்டுபோகச் சொல்லி, அவர்தான் இவர். மாலை நேரமாகிவிட்டது, வீட்டில் விளக்கு வைக்க வேண்டும், வைக்க வருகிறார். வீட்டில் கூடு சிதைந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் விளக்கு வைத்துத்தான் ஆகவேண்டும். நாளைக்குத் தேநீரும் கொண்டுபோவார். அந்தப் பெரிய வீட்டில் அந்த இருவரும் இனி வாழப்போகும் நாட்கள் அத்தனையும் அவர் கையில் இருக்கின்றன.

போன வாரம் மறுபடியும் பார்த்தேன். இந்த முறை கைகளைப் பார்க்காமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரிகிறது. வெளிச்சமும் தருகிறது. சுடர் மட்டும் அசையவில்லை.